ஜெர்மனியில் சுயதொழில் விசா: ஒரே ஆள், மூன்று அளவுகோல்

ஜெர்மனிக்கு ஃப்ரீலான்ஸராகப் போவது எப்படி என்று இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படும் யோசனை இதுதான்: விமானம் ஏறு, பெர்லினில் ஓர் அறை பிடி, முகவரியைப் பதிவு செய், பிறகு குடியேற்ற அலுவலகத்தில் விண்ணப்பம் போடு. பொய்யில்லை. ஆனால் அது நமக்காக எழுதப்பட்டதும் இல்லை. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், தென்கொரியா, இஸ்ரேல், பிரிட்டன் ஆகிய நாடுகளின் குடிமக்கள் விசா இல்லாமல் உள்ளே போய், அங்கிருந்தே குடியிருப்பு அனுமதி கேட்கலாம். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஷெங்கன் சுற்றுலா விசாவில் போய் இறங்கி, அதைச் சுயதொழில் அனுமதியாக மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. திரும்பி வந்து விண்ணப்பிக்கச் சொல்வார்கள். புறப்படும் முன்பே தேசிய விசா வாங்கியாக வேண்டும். தமிழ்நாட்டில் வசிப்பவருக்கு அந்தக் கதவு சென்னையிலுள்ள ஜெர்மன் துணைத் தூதரகம்.

கதவு சென்னையில் இருந்தாலும் சாவி அங்கே இல்லை. நீங்கள் கொடுக்கும் கோப்பு, நீங்கள் குடியேறப் போகும் நகரத்தின் குடியேற்ற அலுவலகத்துக்குப் போகும். அவர்கள் தேவைப்பட்டால் தொழில் வணிகச் சபையிடமோ அந்தத் துறையின் தொழில்முறைச் சபையிடமோ கருத்துக் கேட்பார்கள். அவர்கள் சம்மதித்த பிறகுதான் சென்னையில் விசா ஒட்டுவார்கள். விசாக் கட்டணம் 75 யூரோ. காத்திருக்கும் காலத்தை வாரக் கணக்கில் நினைக்காதீர்கள், மாதக் கணக்கில் நினையுங்கள்.

இந்த விசாவின் சிக்கல் காகிதங்களின் எண்ணிக்கையில் இல்லை. ‘சுயதொழில் செய்பவர்’ என்ற சொல்லுக்குக் குடியேற்ற அலுவலகம் ஒரு பொருள் வைத்திருக்கிறது, வரி அலுவலகம் இன்னொன்று, சமூகப் பாதுகாப்புத் துறை மூன்றாவதாக ஒன்று. ஒருவர் சொன்னது அடுத்தவரைக் கட்டுப்படுத்தாது. முதல் அலுவலகத்தில் பாஸ் ஆனவர் மூன்றாவதில் மாட்டிக்கொள்வது அதனால்தான்.

முதல் கேள்வி: தொழிலா, வணிகமா?

குடியிருப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவுதான் சுயதொழிலுக்கான இடம். அதன் முதல் உட்பிரிவு வணிகம் தொடங்குவோருக்கு. அந்தத் தொழிலில் பொருளாதார நலனோ வட்டாரத் தேவையோ இருக்க வேண்டும், பொருளாதாரத்துக்கு அது நன்மை தர வேண்டும், முதலீட்டுக்கான பணம் கையில் இருக்க வேண்டும். ஐந்தாம் உட்பிரிவு ‘ஃப்ரைபெரூஃப்லர்’ எனப்படும் தனித்தொழில் வல்லுநர்களுக்கு. இதில் பரீட்சை சற்று இலேசு. ஃப்ரீலான்ஸ் விசா என்று பேச்சில் சொல்வது இந்த ஐந்தாம் உட்பிரிவைத்தான்.

யார் ஃப்ரைபெரூஃப்லர் என்பதை வருமான வரிச் சட்டத்தின் 18ஆம் பிரிவு சொல்கிறது. மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், கட்டடக் கலைஞர், இதழாளர், மொழிபெயர்ப்பாளர், உரைபெயர்ப்பாளர் என்று ஒரு பட்டியல் இருக்கிறது; அதோடு அறிவியல், கலை, எழுத்து, கற்பித்தல் சார்ந்த பணிகளும் சேரும். பட்டியலில் இல்லாதவை ‘கெவெர்பெ’, அதாவது வணிகம். கோடு எங்கே விழுகிறது என்பதை ஒரே ஆளை வைத்துப் பார்க்கலாம். ஒரு கிராஃபிக் டிசைனர் லோகோ வரைந்து கொடுத்தால் கலைப்பணி. அதே லோகோவை ஆயிரம் விசிட்டிங் கார்டில் அச்சடித்து, அச்சகத்துக்குக் கொடுத்த தொகைக்கு மேல் லாபம் வைத்து விற்றால், அந்தப் பகுதி வணிகம். யோகா கற்பிப்பது தனித்தொழில். வகுப்புக்கு வருபவர்களுக்கு விரிப்பு விற்பது வணிகம். மென்பொருளில் பொறியியல் தரத்துக்கு வடிவமைத்து எழுதித் தருவதைத் தனித்தொழிலாக ஏற்கிறார்கள். ஆயத்த மென்பொருளை விற்பதும் ஹோஸ்டிங் இடம் வாடகைக்கு விடுவதும் வணிகம்தான்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. தனித்தொழில் என்றால் வணிகப் பதிவு வேண்டாம், தொழில் வணிகச் சபையில் உறுப்பினராக வேண்டாம், வணிக வரியும் இல்லை. வணிகம் என்றால் இவை எல்லாம் வரும். தனிநபருக்கு ஆண்டு லாபம் 24,500 யூரோவைத் தாண்டினால் வணிக வரி தொடங்கும். முக்கியமான விஷயம்: விசா ஐந்தாம் உட்பிரிவில் கிடைத்து, பிறகு வரி அலுவலகம் உங்கள் வேலையை வணிகம் என்று தீர்மானித்தால், கையிலுள்ள அனுமதி செய்கிற வேலைக்குப் பொருந்தாமல் போய்விடும். குடியிருப்பு அட்டையோடு வரும் கூடுதல் தாளில் என்ன தொழில் செய்யலாம் என்று எழுதியிருப்பார்கள். ‘மொழிபெயர்ப்பாளர்’ என்று இருந்தால் மொழிபெயர்ப்புதான். சும்மா இருக்கும் நேரத்தில் உணவு டெலிவரி செய்யலாமே என்று கிளம்ப முடியாது.

மருத்துவர், கட்டடக் கலைஞர், வழக்கறிஞர் போன்ற உரிமம் தேவைப்படும் தொழில்களுக்கு, அந்த உரிமமோ அதைத் தருவதாக எழுத்துப்பூர்வ உறுதியோ விசாவுக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். ‘பொறியாளர்’ என்ற பட்டப்பெயரே அங்கே மாநிலச் சட்டங்களால் காக்கப்பட்டது. பெயர்ப்பலகையில் போடும் முன் விசாரிப்பது நல்லது. பட்டம் ஜெர்மன் பட்டத்துக்கு இணையா என்பதை ‘அனாபின்’ தரவுத்தளத்தில் பார்த்து, பக்கத்தை அச்செடுத்துக் கோப்பில் வைக்கலாம். உங்கள் கல்லூரியோ பட்டமோ அதில் இல்லையென்றால் சுமார் 200 யூரோ கட்டி ஒப்பீட்டுச் சான்று வாங்க வேண்டியிருக்கும்.

கோப்பின் இதயம் வாடிக்கையாளர் கடிதம்

வாழ்க்கைக் குறிப்பு, பட்டச் சான்று, வேலை மாதிரிகள், நிதித் திட்டம், வருமான முன்கணிப்பு, மருத்துவக் காப்பீடு, தங்குமிடம் என்று பட்டியல் நீளும். இவற்றில் தீர்ப்பை மாற்றக்கூடியது வாடிக்கையாளர்கள் தரும் விருப்பக் கடிதம். பெர்லினில் குறைந்தது இரண்டு கேட்பார்கள். மூன்று நான்கு இருந்தால் நிம்மதி.

‘இவர் திறமைசாலி, இவரோடு பணிபுரிய மகிழ்ச்சி’ என்று எழுதிய கடிதத்தால் பயனில்லை. நிறுவனத்தின் பெயர், முகவரி, என்ன வேலை, மணிக்கு எவ்வளவு, மாதத்துக்குச் சுமார் எத்தனை மணி நேரம், எந்த மாதத்திலிருந்து எவ்வளவு காலம், கையெழுத்து: இத்தனையும் வேண்டும். அதிகாரி கடிதத்தைப் படிப்பதில்லை, கூட்டிப் பார்க்கிறார். மணிக்கு 60 யூரோ, மாதம் 15 மணி என்று ஒரு கடிதமும் மாதம் 25 மணி என்று இன்னொன்றும் இருந்தால் மாதம் 2,400 யூரோ. இந்தத் தொகை வருமான முன்கணிப்பில் எழுதிய தொகையோடு ஒத்துப்போக வேண்டும். முன்கணிப்பில் 5,000 போட்டுவிட்டு கடிதங்களில் 2,400 மட்டும் காட்டினால், மீதி எங்கிருந்து வரும் என்ற கேள்வி கட்டாயம் வரும்.

கடிதம் தருபவர்கள் ஜெர்மனியில் இருப்பது நல்லது. சென்னை, பெங்களூர் வாடிக்கையாளர்களை மட்டும் காட்டினால், ‘இந்த வேலையை அங்கிருந்தே செய்யலாமே, இங்கே ஏன் வர வேண்டும்?’ என்பதற்குப் பதில் இருக்காது. மடிக்கணினியோடு எங்கும் போய் வேலை செய்வோருக்கென்று சில நாடுகள் தருவதைப் போன்ற தனி விசா ஜெர்மனியில் கிடையாது.

எவ்வளவு சம்பாதித்தால் போதும் என்பதற்குச் சட்டத்தில் ஒரே தொகை இல்லை. அரசு உதவி இல்லாமல் வாழ முடியுமா என்பதே கேள்வி. அதற்கு அடிப்படை வாழ்வுதவியின் அளவை எடுத்துக்கொள்கிறார்கள்: தனியாள் ஒருவருக்கு மாதம் 563 யூரோ, இது 2024இல் நிர்ணயித்தது. அதோடு சூடேற்றும் செலவு உட்பட வாடகையும் மருத்துவக் காப்பீடும் கூட வேண்டும். வாடகை 800, காப்பீடு 450 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1,813. வரி போக இது மிஞ்ச வேண்டுமானால் மாத லாபம் 2,000 யூரோவை ஒட்டி வர வேண்டும். தொழில் செலவையும் சேர்த்தால் மாத வரவு 2,200 முதல் 2,300. கோப்பு தயாரிக்கும் முன் உங்கள் வாடகையை வைத்து இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள். மேலே சொன்ன 2,400 எவ்வளவு மெல்லிய இடைவெளியில் தப்பிக்கிறது என்பது தெரியும். மனைவியும் பிள்ளைகளும் கூட வந்தால் எல்லாத் தொகையும் ஏறும். குடும்ப இணைப்பில் வரும் துணைக்கு வேலை செய்யும் உரிமை உண்டு என்பது இதில் ஒரு ஆறுதல்.

வயது 45ஐத் தாண்டியவர்களிடம் முதுமைக்கான ஏற்பாட்டையும் கேட்பார்கள்: ஓய்வூதிய உரிமை, சொத்து, முதலீடு ஏதாவது. இதில் ஒரு வேடிக்கை. ஒப்பந்தங்கள் காரணமாகச் சில நாட்டவர்களுக்கு இந்த நிபந்தனையிலிருந்து விலக்கு உண்டு. அந்தப் பட்டியலில் இலங்கை இருக்கிறது, இந்தியா இல்லை. ஒரே வயது, ஒரே தொழில். யாழ்ப்பாணத்துக்காரரிடம் கேட்காத காகிதத்தை மதுரைக்காரரிடம் கேட்பார்கள்.

காப்பீடு: மலிவாக வாங்கினால் பிறகு வலிக்கும்

விசாவுக்காக மாதம் அறுபது எழுபது யூரோவில் ஒரு பயணக் காப்பீடு எடுத்துக்கொள்வது வழக்கம். நுழைவதற்கு அது சில வேளை போதும். அனுமதியை நீட்டிக்கப் போகும்போது அதை ஏற்க மாட்டார்கள். சட்டப்படியான பொது மருத்துவக் காப்பீட்டுக்கு இணையான முழுக் காப்பீடு கேட்பார்கள்.

பொதுக் காப்பீட்டில் சேரலாமே என்றால், வெளிநாட்டிலிருந்து நேராகச் சுயதொழிலுக்கு வருபவருக்கு அது பெரும்பாலும் மூடிய கதவு. விருப்ப உறுப்பினராகச் சேர, முன்பே அந்த அமைப்பில் இருந்திருக்க வேண்டும்: கடைசியாக இடைவிடாத 12 மாதங்கள், அல்லது கடந்த ஐந்தாண்டில் 24 மாதங்கள். இந்தியாவில் கட்டிய காப்பீடு இந்தக் கணக்கில் வராது. ஆகவே தனியார் காப்பீடு. அதில் பிரீமியம் வருமானத்தைப் பார்த்து வைப்பதில்லை. வயதையும் உடல்நிலையையும் பார்த்து வைப்பது. சர்க்கரை நோய் இருந்தால் கூடுதல் தொகை கேட்கலாம், மறுக்கவும் செய்யலாம். வருமானம் குறைந்த மாதத்திலும் தொகை குறையாது. 55 வயதுக்கு மேல் பொதுக் காப்பீட்டுக்குத் திரும்புவது ஏறக்குறைய முடியாது.

கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் ஒரு பக்கவாசல் உண்டு. கலைஞர் சமூக நிதியம், ஜெர்மன் சுருக்கம் கே.எஸ்.கா. 1983 முதல் செயல்படுகிறது, அலுவலகம் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில். இதில் சேர்த்துக்கொண்டால் மருத்துவ, பராமரிப்பு, ஓய்வூதியக் கட்டணங்களில் பாதியை நிதியம் ஏற்கும், பொதுக் காப்பீட்டின் கதவும் திறக்கும். ஆண்டுக்கு 3,900 யூரோவாவது கலையில் சம்பாதிக்க வேண்டும்; தொழில் தொடங்கிய முதல் மூன்றாண்டுகளுக்கு அந்த வரம்பும் இல்லை. கலையைக் கற்பிப்பவரும் இதில் சேரலாம் என்பதால், வீணையோ பரதமோ சொல்லித்தருபவர்கள் விண்ணப்பித்துப் பார்ப்பதில் நஷ்டமில்லை. முடிவு வர மாதங்கள் ஆகலாம். அதுவரை வேறு காப்பீடு தொடர வேண்டும்.

மூன்றாவது அலுவலகம் கேட்கும் கேள்வி

‘ஷைன்ஸெல்ப்ஷ்டெண்டிக்கைட்’ என்று நாக்கைச் சுழற்றும் ஒரு சொல் இருக்கிறது. வெளித்தோற்றத்தில் மட்டும் சுயதொழில் என்று பொருள். இதைத் தீர்மானிப்பது ஓய்வூதியக் காப்பீட்டு நிறுவனம். ஒரே வாடிக்கையாளர், அவர் சொன்ன நேரத்துக்கு வேலை, அவருடைய அலுவலகம், அவர் கொடுத்த மடிக்கணினி, அவர் பெயரிலேயே மின்னஞ்சல், மாதா மாதம் ஒரே தொகை: இப்படி இருந்தால் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் நீங்கள் ஊழியர்தான். ஜெர்மானியர் ஒருவருக்கு இது பணப் பிரச்சினை. கட்டாமல் விட்ட சமூகக் காப்பீட்டுப் பங்களிப்புகளை வேலை கொடுத்த நிறுவனம் நான்கு ஆண்டுகள் வரை பின்னோக்கிக் கட்ட வேண்டும், வேண்டுமென்றே மறைத்ததென்றால் முப்பது ஆண்டுகள் வரை. ஆனால் 21ஆம் பிரிவில் வந்தவருக்கு இது அனுமதிப் பிரச்சினையும்கூட. அவருக்கு அனுமதி சுயதொழிலுக்கு மட்டும். ஊழியர் என்று முடிவானால், அனுமதி இல்லாத வேலை செய்தவர் ஆகிறார்.

நம்மூர் மென்பொருள்காரர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். ஒரே நிறுவனம் வாரம் 40 மணி நேரம் வேலை தருவதாக எழுதிய கடிதம் வலுவான சான்று போலத் தோன்றும். அதுதான் கோப்பின் பலவீனம். அந்த நிறுவனம் உண்மையில் ஆள் தேடுகிறது என்றால் வேலை ஒப்பந்தம் கேட்டு, நீல அட்டையில் (பட்டம் பெற்ற ஊழியர்களுக்கான வேலை அனுமதி) போவதே சரி. சந்தேகம் இருந்தால் ஓய்வூதிய நிறுவனத்திடமே முன்கூட்டித் தகுதி நிர்ணயம் கேட்கலாம். கற்பித்தலில் 2022க்குப் பிறகு இன்னும் கவனம் தேவை: இசைப்பள்ளி ஆசிரியர் ஒருவரின் வழக்கில் கூட்டாட்சி சமூக நீதிமன்றம் அவரை ஊழியர் என்றே சொன்னது. அதன் பிறகு பள்ளிகளும் பயிற்சி மையங்களும் சுயதொழில் ஆசிரியர்களை எடுக்கத் தயங்குகின்றன.

போலி இல்லை, உண்மையான சுயதொழில்தான் என்றாலும், வருமானத்தில் ஆறில் ஐந்து பங்கு ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்து, கீழே ஊழியர் யாரும் இல்லையென்றால் ஓய்வூதியக் காப்பீடு கட்டாயமாகலாம். தொடங்கிய முதல் மூன்றாண்டுக்கு விலக்குக் கேட்டு வாங்கலாம், கேட்டால்தான் கிடைக்கும்.

இறங்கிய பிறகு

வீட்டுக்குக் குடிபோன இரண்டு வாரத்துக்குள் முகவரிப் பதிவு. அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிப் படிவம் வேண்டும். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. பதிவு செய்ய விடமாட்டேன் என்று சொல்லும் அறைகளை எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். பதிவு இல்லையென்றால் அடுத்த எதுவும் நகராது.

பிறகு எண்கள். பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் குழப்பம் வரும். பதிவு செய்த சில வாரங்களில் தபாலில் வரும் 11 இலக்க வரி அடையாள எண் வாழ்நாளுக்கும் ஒன்றே. நம் பான் எண்ணைப் போல. இன்வாய்ஸில் போடுவது அதை அல்ல. வரித்துறையின் ‘எல்ஸ்டர்’ இணையதளத்தில், தொழில் தொடங்கிய ஒரு மாதத்துக்குள், வரிப் பதிவுக் கேள்வித்தாளை நிரப்பி அனுப்பினால் உள்ளூர் வரி அலுவலகம் வரி எண் ஒன்று தரும். இன்வாய்ஸுக்கு அதுதான். வேறு ஐரோப்பிய நாட்டு நிறுவனங்களோடு வேலை செய்தால் விற்பனை வரி எண் என்று மூன்றாவதும் வேண்டும். வரி எண் வர இழுத்தால் இன்வாய்ஸும் இழுக்கும், பணமும் இழுக்கும். முதல் மூன்று மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு போவது இதற்காகத்தான்.

கேள்வித்தாளில் எதிர்பார்க்கும் லாபத்தை எழுதச் சொல்வார்கள். அதை வைத்து மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களின் 10ஆம் தேதி முன்வரி கட்டச் சொல்வார்கள். குறைத்து எழுதினால் முதல் ஆண்டு சுகமாக இருக்கும். இரண்டாம் ஆண்டில் கணக்குக் கொடுத்ததும் முதல் ஆண்டின் முழு வரியும், நடப்பாண்டுக்கான முன்வரியும் ஒரே கடிதத்தில் வந்து விழும். தொழில் நன்றாக நடந்தும் இந்தக் கடிதத்தில் தடுமாறுபவர்கள் பலர். வரும் ஒவ்வொரு தொகையிலும் இருபத்தைந்து முதல் முப்பது சதவீதம் வரை தனிக் கணக்கில் ஒதுக்கி வையுங்கள்.

விற்பனை வரி பொதுவாக 19 சதவீதம். 2025 முதல், முந்தைய ஆண்டு வரவு 25,000 யூரோவைத் தாண்டாமலும் நடப்பாண்டு 1,00,000ஐத் தாண்டாமலும் இருந்தால் சிறுதொழில் விதியில் வரி வசூலிக்காமலே இருக்கலாம். தொடங்கும் ஆண்டில் 25,000தான் எல்லை. ஆனால் இந்த விதியில் இருந்தால், வாங்கும் கணினிக்குக் கொடுத்த வரியைத் திரும்பப் பெற முடியாது. இந்தியாவில் வங்கிக் கணக்கு இருந்தால் அதை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ கணக்காக மாற்றுவதை மறக்க வேண்டாம்.

இன்னொரு வழியும், ஐந்தாம் ஆண்டும்

மேலே சொன்ன காப்பீட்டுச் சிக்கல், ஜெர்மன் வாடிக்கையாளர் இல்லாத சிக்கல் இரண்டையும் ஒரே அடியில் தீர்க்கும் வழி ஒன்று உண்டு. நேராகப் போக முடியாதவர்களுக்கு அதையே சொல்லத் தோன்றுகிறது. முதலில் வேலைக்கோ படிப்புக்கோ போவது. வேலையில் இருந்து பொதுக் காப்பீட்டில் சேர்ந்தவர், வேலையை விட்ட பிறகும் விருப்ப உறுப்பினராகத் தொடரலாம். வேலை அனுமதியை வைத்துக்கொண்டே பக்கத்தில் சுயதொழில் செய்ய 21ஆம் பிரிவின் ஆறாம் உட்பிரிவில் அனுமதி கேட்கலாம். ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் படித்தவருக்கு, படிப்போடு தொடர்புள்ள சுயதொழிலுக்குத் தளர்வான தனி விதியே உண்டு. இரண்டு ஆண்டு தாமதம்தான்.

அனுமதி அதிகபட்சம் மூன்று ஆண்டுக்குத் தருவார்கள். முதல் முறை குறைவாகவும் வரலாம். நீட்டிக்க வரி அலுவலகத்தின் வரி மதிப்பீட்டு ஆணை, ஆடிட்டர் சான்றளித்த லாப நட்டக் கணக்கு, காப்பீடு, வாடகை விவரம் கேட்பார்கள். காலாவதி ஆகும் முன்பே விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய அனுமதி தொடர்வதாகக் கருதும் தற்காலிகச் சான்று கிடைக்கும். ஒரு நாள் தாமதித்தாலும் அந்த நிழல் கிடைக்குமென்ற உறுதி இல்லை.

வணிக வழியில் வந்தவர் வெற்றி பெற்றால் மூன்றாண்டில் நிரந்தரக் குடியிருப்பு கேட்கலாம். தனித்தொழில் வழியில் அந்தக் குறுக்குவழி இல்லை. ஐந்து ஆண்டு, பி1 எனப்படும் இடைநிலை ஜெர்மன், அதோடு 60 மாத ஓய்வூதியப் பங்களிப்பு அல்லது அதற்கு இணையான தனியார் ஏற்பாடு. இந்தக் கடைசி நிபந்தனை ஐந்தாம் ஆண்டில்தான் பலர் காதில் விழுகிறது. கட்டாயம் இல்லை என்பதால் ஒரு மாதம்கூடக் கட்டியிருக்க மாட்டார்கள். விருப்பப் பங்களிப்பும் இந்தக் கணக்கில் சேரும். குறைந்தபட்சத் தொகை மாதம் 100 யூரோவுக்குச் சற்று மேல்தான். ஓர் ஆண்டுக்கான தொகையை அடுத்த ஆண்டு மார்ச் 31 வரை கட்டலாம். அதற்குப் பிறகு அந்த மாதங்களைப் பொதுவாக வாங்க முடியாது.